இரண்டரை மணிக்குத் தட்டுகிற பிராணி

சதுரங்கப்பட்டினம்
24.11.2003

அன்பு மகள் பிரதீபாவுக்கு அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுவருக்குள் குடியிருக்கிற அத்தனை பேரும் சௌக்கியம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டி சஹானாவும் சௌக்கியம்தானே, அவளுக்குச் சளி விட்டதா, இரண்டாவது பல் வெளியே வந்துவிட்டதா என்று எழுது. இங்கே மழை விடாமல் பெய்கிறது, துணி எதுவும் காயவில்லை, அப்பாவின் பனியனை இட்லிப் பானை மூடிமேல் போட்டுத்தான் காய வைக்கிறேன். இதை அவரிடம் சொல்லாதே.

போனில் சொல்ல வேண்டியதை ஏன் அம்மா கடிதமாக எழுதுகிறாள் என்று நினைப்பாய். போன் இருப்பது ஹாலில், அதே சுவருக்குப் பக்கத்தில், அந்தச் சுவரடியில்தான் உன் அப்பா நாள் முழுக்க ஸ்டெதஸ்கோப்போடு உட்கார்ந்திருக்கிறார், அப்புறம் நான் எங்கே போய்ப் பேசுவது. போன ஞாயிற்றுக்கிழமை நீ பேசினதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை பிரதீபா. உங்கள் வீட்டுச் சுவரில் பாம்பு இருக்கிறதாமே, அத்தை ரொம்பப் பயப்படுகிறார்கள், அதனால் டிசம்பர் இருபதாம் தேதி வந்து இறங்கினதும் நேரே நங்கநல்லூரில் அத்தை வீட்டுக்குப் போய் ஒரு மாதமும் அங்கேயே இருந்துகொள்கிறோம், நீயும் அப்பாவும் அங்கே வந்து குழந்தையைப் பார்த்துவிட்டுப் போங்கள் என்று சுலபமாகச் சொல்லிவிட்டாய். பார்த்துவிட்டுப் போவதற்கு அவள் என்ன பொருட்காட்சியா. இந்த வீடு கட்டும்போதே, உனக்குக் கல்யாணம்கூட ஆகாதபோதே, உள் அறைக் கூரையில் தொட்டில் கொக்கி வைக்கச் சொல்லி மேஸ்திரியோடு சண்டை போட்டவள் நான். ஏழு வருஷமாக அந்தக் கொக்கியில் நான் வெங்காயக் கூடைதான் தொங்கவிட்டிருக்கிறேன். அதில் என் பேத்தி ஆட வேண்டும். அதனால் நடந்தது எல்லாவற்றையும், நான் செய்த திருட்டுத்தனத்தையும் சேர்த்து, ஒளிக்காமல் எழுதுகிறேன், கடைசிவரை படித்துவிட்டு நீயே முடிவு பண்ணு. உன் தேசத்தில் பாம்பே கிடையாதாமே, அதனால் உனக்குப் பயம் கொஞ்சம் கூடுதலாக இருக்கும், அது எனக்குப் புரிகிறது.

முதலில் சுவரைப் பற்றி. உனக்குத் தெரியும், அப்பாவும் ஞானதாஸ் மாமாவும் அணுமின் ஆபீஸில் முப்பது வருஷம் ஒரே பிரிவில் மீட்டர் பார்த்தவர்கள், ரிட்டையர் ஆவதற்கு முன்னால் சேர்ந்து மனை வாங்கி ஒட்டினாற்போல் இரட்டை வீடு கட்டிக்கொண்டார்கள், நடுச்சுவர் இரண்டு வீட்டுக்கும் பொது. ஊரில் எல்லோரும் செங்கல்லைப் படுக்க வைத்துக் கட்டினால் உன் அப்பா எங்கேயோ ஒரு புஸ்தகத்தைப் படித்துவிட்டு செங்கல்லை நிற்க வைத்து நடுவில் பொந்து விட்டுக் கட்டச் சொன்னார். கல் மிச்சமாம், வீடு குளுமையாக இருக்குமாம், எலிப்பொறிக் கட்டு என்று அதற்குப் பேராம். பேரைக் கேட்டபோதே வேண்டாம் என்றேன். குளுமை என்னவோ நிஜம்தான், பொய் சொல்லக் கூடாது. ஆனால் குளுமை நமக்கு மட்டும் பிடிக்கும் என்று எந்தப் புஸ்தகத்தில் போட்டிருக்கிறது.

போன மார்ச்சில் அந்தச் சுவரில் முதல் எலி கத்தியது. எலி உம்ம பக்கத்திலிருந்துதான் வந்தது என்று ஞானதாஸ் மாமா சொன்னார், இல்லை உங்கள் கோழித் தீவனத்துக்குத்தான் வந்தது என்று இவர் சொன்னார், கடைசியில் அவர், உம்ம பேச்சைக் கேட்டு இந்த ஓட்டைச் சுவரைக் கட்டினேன் பாரும், என் புத்தியைச் சொல்லணும் வே என்று சொல்லிவிட்டார். அது இவருக்குத் தைத்துவிட்டது. மறுநாள் ஆபீஸில் எழுதுகிற மாதிரியே, பொருள்: பொதுச் சுவரில் எலி, பார்வை: நேற்றைய தங்கள் வாய்மொழிக் குற்றச்சாட்டு, என்று ஒரு பக்கம் எழுதி, கீழே கேசவன் என்று கையெழுத்தும் போட்டு அவர்கள் கேட்டில் செருகிவிட்டு வந்தார். அங்கிருந்தும் ஒரு பதில் வந்தது, அதில் மூன்று இணைப்பு. அவ்வளவுதான், எட்டு மாதமாகப் பேச்சு கிடையாது. சாயங்காலம் கோட்டைவரை இரண்டு பேரும் சேர்ந்து நடப்பார்களே, இப்போது இவர் ஐந்து மணிக்குப் போகிறார், அவர் ஐந்தரைக்குப் போகிறார், பாதி வழியில் எதிரும் புதிருமாக வரும்போது இருவரும் கடலைப் பார்க்கிறார்களாம், புதிதாக யாரோ கடல் கொண்டுவந்து வைத்த மாதிரி. இவர் வீட்டுக்கு வந்து ஒன்றும் சொல்ல மாட்டார், ஆனால் இரண்டு தோசைக்கு மேல் இறங்காது. எனக்கும் சாராள் அக்காவுக்கும் சண்டை போட நேரமில்லை, பின்பக்கம் துணி காயப்போடும்போது வழக்கம்போலப் பேசிக்கொள்வோம், அவர்கள் வைக்கிற தேங்காய்ப்பால் சொதி ஒரு கிண்ணம் இந்தப் பக்கம் வரும், நான் வைத்த மாதிரி பரிமாறிவிடுவேன், இன்றைக்கு உன் கைப்பக்குவமே தனி என்று இவர் சொல்லும்போது மட்டும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்த மழைக்காலம் தொடங்கியதிலிருந்து சுவரில் சத்தம் அதிகமாகிவிட்டது. குழந்தை வரப்போகிறாள், அந்த அறையில் படுக்கப்போகிறாள், அதற்குள் என்னென்ன பிராணி என்று கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று அப்பா கிளம்பிவிட்டார். முதலில் எவர்சில்வர் டம்ளரைச் சுவரில் கவிழ்த்துக் காதை வைத்தார், அப்புறம் செங்கல்பட்டுக்குப் போய் நிஜ ஸ்டெதஸ்கோப்பே வாங்கிவந்தார். ஒரு நீள நோட்டுப் போட்டு தேதி, நேரம், சத்தம், பிராணி, முடிவு என்று கட்டம் கட்டினார். கேபிள் ஒயர் உள்ளே போகிற ஓட்டைக்குக் கீழே கால் தடம் பார்க்க வேண்டும் என்று என் கோலமாவை முழுக்கக் கொட்டிப் பரப்பினார், மறுநாள் அதில் தெளிவாகப் பதிந்திருந்தது அவர் கால் தடம்தான். அதோடு ஒரு சட்டம் வேறு. அவர்கள் வேலை பார்த்த இடத்தில் ஒரே அளவை மூன்று மீட்டர் பார்க்குமாம், அதில் இரண்டு ஒத்துப்போனால்தான் நம்புவார்களாம், அதே மாதிரி மூன்று பேர் தனித்தனியாகக் காது வைத்துக் கேட்டு இரண்டு பேர் ஒரே பிராணியைச் சொன்னால்தான் நோட்டில் ஏறும் என்றார். மூன்று பேர் யார் என்றால் அவர், நான், பால்காரப் பொன்னி. பொன்னி எதைக் கேட்டாலும் பெருச்சாளி என்பாள். இன்னாமா இது தெரியாதா, பெருச்சாளிதாம்மா, எங்க வூட்லயும் கீது என்பாள். ஒருநாள் நான் அடுக்களையில் மிக்ஸியில் சட்னி அரைத்துக்கொண்டிருந்த சத்தத்துக்கும் சுவரில் காதை வைத்துக்கொண்டு பெருச்சாளி என்று ஓட்டுப் போட்டுவிட்டுப் போனாள். அதனால் முதல் பத்து நாள் எந்தப் பிராணியும் ஜெயிக்கவில்லை.

அப்புறம் மெல்ல மெல்லப் பிடிபட்டது. காலை ஒன்பது பத்து மணிக்குத் தடதடவென்று மேலும் கீழும் ஓடி ஏதோ பஞ்சைப் பிய்க்கிற மாதிரி சத்தம் வந்தால் அது அணில், நம் பழைய தலையணையின் பஞ்சு அத்தனையும் உள்ளே போய்விட்டது, மூன்று குட்டி இருக்கிறது. விளக்கு வைக்கிற நேரத்துக்கு வரிசையாகக் கீச்சுக் கீச்சென்று கத்திக்கொண்டு அடிச்சுவரை ஒட்டிப் போகிறது மூஞ்சூறு, அதைக் காதால் கேட்கவே வேண்டாம், மூக்கே சொல்லிவிடும். டிக் டிக் என்பது பல்லி, அது உள்ளேயும் இல்லை, காலண்டருக்குப் பின்னால். இது மூன்றும் நோட்டில் ஏறிவிட்டது. ஏறாமல் நின்றது ஒன்றே ஒன்று. மத்தியானம் சரியாக இரண்டரை மணிக்கு ஆரம்பிக்கும், டொக் டொக் டொக் என்று மூன்று, கொஞ்சம் நிறுத்தி இன்னும் ஒன்று. தினமும் அதே நேரம். அப்பா ஸ்க்ரூ டிரைவர் பிடியால் மூன்று தட்டினால் அதுவும் மூன்று தட்டும். இரண்டு தட்டினால் அது கோபித்துக்கொண்ட மாதிரி சும்மா இருக்கும், மூன்றாவது தட்டு விழுந்ததும்தான் பதில் வரும். அப்பா உடும்பு என்றார். நான் பாம்பு வால் அடிக்கிறதோ என்றேன். பொன்னி என்ன சொன்னாள் என்று எழுதத் தேவையில்லை.

நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ பின்பக்கம் துணி உலர்த்தும்போது சாராள் அக்கா கிட்டே வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னார்கள், எங்க பக்கத்துச் சுவருல என்னமோ ஒண்ணு மூணு மூணா தட்டுது, அவுக அதுக்குப் பதில் தட்டிக்கிட்டு மத்தியானம் பூரா அங்கேயே இருக்காக, அதுக்கு ஒரு பேரு வேற வச்சிருக்காக, என்ன பேருன்னு கேட்டா சொல்ல மாட்டேங்காக என்று. எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் கையிலிருந்த ஈரப் புடவையோடு கீழே உட்கார்ந்துவிட்டேன். இரண்டு பேரும் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு சிரித்தோம், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முப்பது வருஷம் மீட்டர் பார்த்த இரண்டு மனுஷர்கள், ஒரு சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் உட்கார்ந்துகொண்டு ஒருவரை ஒருவர் எந்தப் பிராணி என்று ஆராய்ச்சி பண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

உடனே ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. இதுதான் நான் சொன்ன திருட்டுத்தனம். ஏன் சொல்லவில்லை என்றால், அந்த நாலைந்து நாளாக உன் அப்பா நான்கு தோசை சாப்பிட்டார் பிரதீபா. இரண்டே கால் ஆனதும் முகம் கழுவித் தலை வாரிக்கொண்டு போய்ச் சுவரடியில் உட்கார்ந்தார். எட்டு மாதத்துக்கு அப்புறம் இரண்டு பேரும் எதையோ பேசிக்கொள்கிறார்கள், பிராணி என்று நினைத்துப் பேசினால்தான் என்ன, விஷயம் தெரிந்தால் இரண்டு பேருக்கும் ரோஷம் வந்து நிறுத்திவிடுவார்கள், நடப்பது நடக்கட்டும் என்று நானும் சாராள் அக்காவும் வாயை மூடிக்கொண்டோம். அதற்குள் உன் மாமியார் போன் பண்ணி வீட்டில் என்ன விசேஷம் என்று கேட்டபோது என் பாழும் வாய் சும்மா இருந்ததா, சுவரில் ஏதோ தட்டுகிறது, முதலில் நான் பாம்பு என்றுகூட நினைத்தேன் என்று ஆரம்பித்தேன், பாம்பு என்ற வார்த்தையோடு அவர்கள் போனை வைத்துவிட்டார்கள். ஆக உன் காதுக்கு வந்த பாம்பு என் வாயிலிருந்து வந்த பாம்பு. சொல்லியாக வேண்டும், சொன்னால் இந்த மனுஷர் மறுபடி கடலைப் பார்த்துக்கொண்டு வருவார், சொல்லாவிட்டால் குழந்தை நங்கநல்லூருக்குப் போய்விடுவாள். அன்று ராத்திரி சாமி படத்துக்கு முன்னால் நின்று யோசித்தும் ஒன்றும் தோன்றவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை, பாம்புப் பேச்சைத் தீர்த்துவிடலாம் என்று அப்பாவே வடநெம்மேலிப் பக்கத்திலிருந்து பூவாயி என்கிற அம்மாவை அழைத்து வந்தார். இருளர், என் வயசு இருக்கும், பாம்பும் வயல் எலியும் பிடிப்பதில் அந்தப் பக்கத்தில் அவளை மிஞ்ச ஆள் கிடையாதாம். வந்தவள் ஸ்டெதஸ்கோப்பை ஒரு பார்வை பார்த்தாள். சுவரில் உள்ளங்கையை வைத்து நடந்தாள், ஓட்டையில் மூக்கை வைத்து முகர்ந்தாள், தோட்டத்தைச் சுற்றி வந்து ஒவ்வொரு பொந்தாகப் பார்த்தாள். பாம்பு இல்லமா, மூஞ்சூறு பாட்டுக்குக் கத்திகினு போவுது, அணிலு குட்டி போட்டுகினு குந்திகினு கீது, பாம்பு இருந்தா இதுங்க இப்படி நிம்மதியா இருக்குமா என்றாள். இதை மட்டும் உன் மாமியாரிடம் அப்படியே சொல்லு, இதற்கு மேல் சாட்சி யாருக்கும் கிடைக்காது. அதற்குள் இரண்டரை ஆகிவிட்டது, டொக் டொக் டொக். பூவாயி காதை வைத்தாள். இன்னா சார், இது பிராணி இல்ல, இது வந்து என்று ஆரம்பித்தாள். நான் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் நின்று கையை ஆட்டி, கண்ணை உருட்டி, கும்பிட்டுக்கூடப் பார்த்தேன். அவள் ஒரு நிமிஷம் எங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு, இது வயசான உருப்படி சார், பல்லெல்லாம் போயிட்ச்சி, கடிக்காது, அத்த ஒண்ணியும் பண்ணாதீங்க என்று சொன்னாள். அப்பா ரொம்ப கம்பீரமாகத் தலையை ஆட்டி நோட்டில் எழுதிக்கொண்டார். கேட்டுவரை கொண்டுபோய் விட்டேன், அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை, இன்னா வூடுமா இது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். ஏன் அப்படிச் சிரித்தாள் என்று எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை.

வியாழக்கிழமைதான் அது நடந்தது. இரண்டரை ஆயிற்று, சுவர் பேசவில்லை. அப்பா மூன்று தட்டினார், பதில் இல்லை. மறுபடி தட்டினார். இரண்டே முக்கால் ஆயிற்று. ஸ்க்ரூ டிரைவரைப் போட்டுவிட்டுக் கையாலேயே தட்டினார், உள்ளங்கை சிவந்துவிட்டது. அணில் குட்டிகள் பயந்து கத்துகின்றன, அதை அவர் கேட்கவே இல்லை. நான் அடுக்களையிலிருந்து என்ன என்று கேட்பதற்குள் நோட்டைத் தரையில் போட்டுவிட்டு, கழுத்தில் ஸ்டெதஸ்கோப் தொங்கத் தொங்க, செருப்புகூடப் போடாமல் மழையில் இறங்கிப்போய் ஞானதாஸ் மாமா வீட்டு கேட்டைப் பிடித்து உலுக்கினார். உடும்பைத் தேடுகிறவர் தோட்டத்துக்குத்தானே போக வேண்டும், நேரே அந்த கேட்டுக்கு ஏன் போனார் என்று எனக்குச் சுருக்கென்றது. சாராள் அக்கா கதவைத் திறந்தார்கள். தாஸ் எங்கே, அவனுக்கு என்ன என்று இவர் கேட்ட குரலை நான் முப்பத்தைந்து வருஷத்தில் கேட்டதில்லை. அவுக பேங்குக்குல்லா போயிருக்காக, பென்ஷனுக்கு உசிரோட இருக்கேன்னு எழுதிக் குடுக்க, நவம்பர் மாசமுல்லா என்றார்கள். உன் அப்பா அப்படியே அவர்கள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஒரு டம்ளர் காபியைக் கொடுத்தார்கள், பாதி வேட்டியில்தான் போயிற்று.

அவர் உட்கார்ந்திருந்த நேரத்தில் நான் வீட்டுக்குள் வந்து தரையில் கிடந்த நோட்டை எடுத்தேன். அடுத்தவர் நோட்டைப் படிப்பது தப்புதான், படித்தேன். இரண்டரை மணித் தட்டுக்கு முதல் மூன்று நாள் பிராணி என்ற கட்டத்தில் உடும்பு, முடிவு இல்லை என்று இருக்கிறது. நாலாம் நாள் அவர் எழுதியிருப்பதை அப்படியே தருகிறேன்: மூன்று தட்டு, நிறுத்தி ஒன்று. இது எங்கள் பிரிவில் பக்கத்து அறைக்கு லைன் சரி என்று சொல்கிற தட்டு. பிராணி: ஞானதாஸ். சம்பூர்ணத்திடம் சொல்ல வேண்டாம், சொன்னால் சமாதானம் பண்ணக் கிளம்பிவிடுவாள், தட்டு நின்றுவிடும். அதற்கு அப்புறம் ஒவ்வொரு நாளும் ஒரு வரி. இன்று தட்டில் சுரத்தே இல்லை, சளி பிடித்திருக்கும். இன்று பலமாகத் தட்டினான், மகனிடமிருந்து போன் வந்திருக்கும். இன்று ஐந்து நிமிஷம் தாமதம், கேட்க முடியவில்லை. பூவாயி வந்த நாளில், அந்த அம்மாள் கண்டுபிடித்துவிட்டாள், நான் கண்ணைக் காட்டியதும் சொல்லாமல் விட்டாள், நல்ல மனுஷி என்று இருக்கிறது. அன்றைக்கு அவள் முன்னால் நின்று இவர், பின்னால் நின்று நான், இரண்டு பேரும் ஒரே சமயத்தில் கண்ணைக் காட்டியிருக்கிறோம். அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு நான் கொஞ்சம் அழுதேன், சிரித்தேன், எது முதலில் என்று தெரியவில்லை.

மூன்றரை மணிக்கு ஞானதாஸ் மாமா குடையோடு வந்தார். தன் நாற்காலியில் ஸ்டெதஸ்கோப்போடு உட்கார்ந்திருக்கிறவரைப் பார்த்து, என்னவே, சுவரைக் குடைஞ்சுக்கிட்டா வந்தீரு என்றார். இவர் எழுந்திருக்காமலேயே, நீ உயிரோடு இருப்பதாக பேங்கில் ஒத்துக்கொண்டார்களா என்று கேட்டார். கையெழுத்து பழசு மாதிரி இல்லைன்னு நாளைக்கும் வரச் சொல்லிட்டான் வே, இன்னும் ஒருநாள் கழிச்சுத்தான் உசிரு என்றார் அவர். நாளைக்கு நானும் சாட்சிக்கு வருகிறேன் என்றார் இவர். அவ்வளவுதான், எலியைப் பற்றி யாரும் பேசவில்லை. மறுநாள் இரண்டு பேரும் ஒரே மொபெட்டில் போய் உயிரை வாங்கிக்கொண்டு வந்தார்கள். அந்தப் பிராணிக்கு ஞானதாஸ் மாமா வைத்திருந்த பேர் கேசவன் என்று சாராள் அக்காவுக்கு அன்றைக்குத்தான் தெரிந்ததாம்.

ஆகவே பிரதீபா, சுவருக்குள் இருப்பது அணில் நான்கு, மூஞ்சூறு ஒரு குடும்பம், வேறு யாருமில்லை. அணில் குட்டிகள் வெளியே ஓடியதும் ஓட்டைக்குக் கம்பி வலை அடித்துவிடுவதாக அப்பா சொல்லியிருக்கிறார், அதுவரை அடிக்க எனக்கே மனசில்லை. வெங்காயக் கூடையை இறக்கிவிட்டேன், கொக்கிக்கு எண்ணெய் போட்டாயிற்று, ஞானதாஸ் மாமா அதில் இரண்டு கையாலும் தொங்கிப் பார்த்து உறுதியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார். எனக்கு ஒரு கவலைதான் மிச்சம் இருந்தது, குழந்தை மத்தியானம் தூங்குகிற நேரமும் அதே இரண்டரைதானே, இவர்கள் தட்டினால் அவள் எழுந்துவிடுவாளே என்று நேற்று வாய் தவறிச் சொன்னேன். சாயங்காலம் நடந்துவிட்டு வந்த கையோடு இரண்டு பேரும் நம் ஹாலில் உட்கார்ந்து ஒரு காகிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டு என்னிடம் கொடுத்தார்கள். இதோடு வைத்திருக்கிறேன், உன் மாமியாரிடமும் காட்டு. பொருள்: பேத்தியின் தூக்கம். பார்வை: இரண்டரை மணித் தட்டு. 20.12.2003 முதல் மேற்படி தட்டு அடியோடு நிறுத்தப்படுகிறது, இனி எதுவானாலும் வாசல் வழியாக வந்து பேசிக்கொள்ளப்படும்.

வழியில் குழந்தை காதுக்குப் பஞ்சு வை, விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் பால் கொடு, மாப்பிள்ளையை வேளாவேளைக்குச் சாப்பிடச் சொல். அப்பா அந்த நோட்டை உனக்குக் காட்டுவார், நாலாம் நாள் பக்கத்தைக் காட்ட மாட்டார், நீயும் கேட்காதே, நான் படித்தது அவருக்குத் தெரியாது. மூன்று பேரும் நூறு வயசு நன்றாக இருங்கள். டிக்கெட்டை மாற்ற வேண்டாம், வண்டியை மட்டும் நேரே இங்கே விடச் சொல்.

இப்படிக்கு,
கொக்கியைப் பார்த்துக்கொண்டிருக்கும் உன் அம்மா,
சம்பூர்ணம்